பாட்டில் பிரஷ் செடியை வெட்டச் சொல்வதற்கு முன்னால்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் போன மாதம் வந்த, வீட்டுத் தோட்டத்து வெளிநாட்டுச் செடிகள் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். படித்த அன்றைக்கே எழுதியிருப்பேன், கோபம் கொஞ்சம் ஆறட்டும் என்று விட்டேன். யூகலிப்டஸ், நீலகிரிக்காரர்கள் சீகை என்று சொல்லும் வாட்டில், பாட்டில் பிரஷ், இந்த மூன்றையும் ஒரே பத்தியில் போட்டு, மூன்றும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை, மூன்றும் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறவை, வீட்டில் இருந்தால் வெட்டிவிடுங்கள் என்று முடித்திருந்தார்கள். அதற்குப் போட்ட படம் பாட்டில் பிரஷ் பூ. சிவப்பாக, அழகாக, பக்கத்தின் பாதியை அடைத்துக்கொண்டு. மற்ற இரண்டும் படத்தில் இல்லை. சரி, படம் அழகாக இருக்க வேண்டும் என்று போட்டிருப்பீர்கள், ஆனால் படிக்கிறவர் மனதில் நிற்பது படம்தானே.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர் ஜில்லா. வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம், காலையில் வருவது கோவைப் பதிப்புப் பேப்பர். பேப்பரில் வந்துவிட்டால் இங்கே பாதிப் பேருக்கு அதற்கு மேல் பேச்சில்லை. கட்டுரை வந்த இரண்டாம் நாளே பக்கத்து வீட்டு அத்தை வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ஏங்கண்ணு, அந்தச் செவப்புப் பூச்செடி கெணத்துத் தண்ணியப் பூரா இழுத்துருமாமே, பேப்பர்லயே போட்டிருக்கான்" என்றார். அடுத்த தெருவில் ஒருவர் கேட்காமல் கொள்ளாமல் அவர் வீட்டு முன்னால் நின்ற நல்ல வளர்ந்த செடியை அடியோடு வெட்டிப் போட்டார். அந்த இடத்தில் இப்போது கார் நிற்கிறது, மேலே தகரக் கூரை.

அத்தையைக் குறை சொல்ல முடியாது. தண்ணீர் என்றால் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் பயம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. பக்கத்திலேயே பிளாச்சிமடையில் குளிர்பான ஆலை நிலத்தடி நீரை எடுத்துக் கிணறுகள் கெட்டுப்போயின என்று ஜனங்கள் 2002-ல் பந்தல் போட்டு உட்கார்ந்ததை உலகமே பார்த்தது. கேரளம் என்றாலே மழை என்று நினைக்கிற வெளியூர்க்காரர்கள் ஒரு மார்ச் மாதம் இங்கே வந்து பார்க்க வேண்டும், மழை மறைவுப் பகுதி, ஆழியாற்றிலிருந்து தண்ணீர் விட்டால்தான் சித்தூர்ப் புழையில் ஓட்டம். அப்படி இருக்கும்போது ஒரு செடி தண்ணீர் குடிக்கிறது என்று எழுதுவது சின்ன விஷயம் இல்லை. எழுதினால் சரியாக எழுத வேண்டும்.

யூகலிப்டஸ் மீதும் வாட்டில் மீதும் உள்ள புகார் நியாயமானது, அதில் எனக்கு மறுப்பே இல்லை. யூகலிப்டஸ் 1843-லேயே நீலகிரிக்கு வந்துவிட்ட மரம். விறகுக்கும் பிறகு காகிதக் கூழுக்கும் என்று ஏக்கர் ஏக்கராக, மரத்துக்கு மரம் இடம் விடாமல் நட்டு, சில வருஷத்தில் வெட்டி, வெட்டின கட்டையிலிருந்தே மறுபடி தழைக்க விட்டு மறுபடி வெட்டினார்கள். வேகமாக வளரும் மரம் எப்போதும் இளமையாகவே நின்றால் எப்போதும் தண்ணீர் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். வாட்டில் கதை இன்னும் மோசம். தோல் பதனிடப் பட்டைக்காகக் கொண்டுவந்தார்கள், அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் தூங்கிக் கிடந்து தீ பட்டால் ஒரேயடியாக முளைக்கும், சோலைக்கு நடுவே இருந்த புல்வெளியை அப்படியே மூடிவிட்டது. அந்தப் புல்வெளிதான் மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து ஓடைக்கு மெல்ல மெல்ல விடும். தமிழ்நாடு அரசு 2022-ல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்ற என்றே ஒரு கொள்கை வெளியிட்டது. நல்ல விஷயம். ஆனால் அந்தக் குற்றப் பத்திரிகையை எடுத்து, வாசலில் ஒற்றையாக நிற்கும் புதர்ச்செடி மேல் ஒட்ட முடியாது. ஊர் ஒன்று என்பதற்காகக் குற்றம் ஒன்றாகிவிடுமா?

குடும்பம் ஒன்றுதானே என்று கட்டுரையில் ஒரு வரி வருகிறது. ஆமாம், பாட்டில் பிரஷும் யூகலிப்டஸும் மிர்ட்டேசி என்ற ஒரே குடும்பம். நம் நாவல் மரமும் அதே குடும்பம். கொய்யா, கிராம்பு, எங்கள் வீடுகளில் சாம்பக்காய் என்று உப்புத் தொட்டுத் தின்கிற காய், எல்லாம் அதுவே. கொய்யாப் பூவை ஒரு நிமிஷம் நிதானமாகப் பாருங்கள், இதழைவிட நடுவில் இருக்கும் மகரந்தத் தாள்கள்தான் கொத்தாகத் தெரியும். பாட்டில் பிரஷில் அந்தத் தாள்கள் நீண்டு சிவப்பாகிவிட்டன, அவ்வளவுதான். இதழ்கள் பச்சையாக, சின்னதாக, கண்ணுக்கே படாமல் உதிர்ந்து போகும். நாம் பூ என்று பார்ப்பது ஒரு தண்டைச் சுற்றி நெருக்கமாக உட்கார்ந்த பல பூக்களின் தாள்களை.

1770-ல் கேப்டன் குக்கின் கப்பலில் போன ஜோசப் பேங்க்ஸ் ஆஸ்திரேலியக் கிழக்குக் கரையில் சேகரித்த செடிகளில் இதுவும் உண்டு, 1789-ல் அவர் மூலமாகவே இங்கிலாந்துத் தோட்டங்களுக்குப் போய்விட்டது. அதாவது இருநூறு வருஷத்துக்கு மேலாக உலகம் முழுக்க வீட்டுத் தோட்டத்தில் வளர்த்துப் பழகிய செடி, நேற்றைக்கு ஆன்லைனில் வந்த புதுமை இல்லை. நர்சரிச் சீட்டில் சிலர் காலிஸ்டெமான் என்று எழுதுவார்கள், சிலர் மெலலூக்கா என்று எழுதுவார்கள், இரண்டும் இதே செடிதான், தாவரவியல்காரர்களுக்குள் இன்னும் முடியாத பஞ்சாயத்து அது.

நம் பக்கம் சாதாரணமாகக் கிடைப்பது இரண்டு வகை. ஒன்று சிட்ரினஸ், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போகும் புதர், இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம். இன்னொன்று விமினாலிஸ், கிளை தொங்கும், விட்டால் சின்ன மரமாகவே ஆகிவிடும். வாங்கும்போது எது என்று கேட்டு வாங்குங்கள். தொங்குகிற வகையைக் கரண்ட் கம்பிக்கு அடியில் நட்டுவிட்டு அப்புறம் மின்வாரிய ஆட்கள் வந்து தலையை மொட்டையடித்தால் செடி என்ன செய்யும்? செப்டிக் டேங்க், தண்ணீர்க் குழாய் பக்கத்திலும் வேண்டாம். அதன் சொந்த ஊரில் அது ஆற்றங்கரை, ஓடைக்கரையில் நிற்கிற செடி, ஈரம் எங்கே என்று வேர் தேடிப் போகும்.

ஓடைக்கரைச் செடி என்றதும் பார், தண்ணீர்ச் செடிதானே என்று கட்டுரையாளர் சொல்லலாம். அங்கேதான் விஷயமே இருக்கிறது. அந்த ஓடைகளில் பலவும் வருஷம் முழுக்க ஓடுகிறவை அல்ல, வெள்ளம் வரும், வற்றும், மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். இரண்டையும் தாங்கப் பழகின செடி. அதனால் வேர் பிடிக்கும் வரை, முதல் இரண்டு கோடை, தண்ணீர் கொடுத்தே ஆக வேண்டும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சித்திரை வெயிலில்கூட வாரம் ஒரு தடவைக்கு மேல் ஊற்றுவதில்லை, அதுவும் பாத்திரம் கழுவின தண்ணீர். பாலக்காட்டில் கோடையில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு, எல்லோருக்கும் தெரியும். பக்கத்திலேயே நிற்கிற ரோஜாவும், அத்தை வீட்டுப் புல்தரையும் தினம் தினம் கேட்கின்றன. தண்ணீர்க் கணக்கு பார்ப்பதானால் முதலில் வெட்ட வேண்டியது அந்தப் புல்தரையைத்தான். அத்தையிடம் சொல்லவில்லை, இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

இனி மண். ஆசிரியர் அவர்களே, கடிதம் நீளமாகிவிட்டது என்று எதையாவது வெட்டுவதாக இருந்தால் இந்த இடத்தை வெட்டாதீர்கள்.

கேரளத்தில் கரிசல் மண் இருக்கிற இடம் எங்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம்தான். கரும்பு, பருத்தி, கடலை எல்லாம் விளைந்த மண். மேற்கே திருச்சூர்ப் பக்கம் போனால் செம்மண், செங்கல் மண், அமிலத் தன்மை உள்ளது. நர்சரிச் செடிகள் பெரும்பாலும் அந்தப் பக்கத்து மண்ணிலும் தேங்காய் நார்க் கழிவிலும் வளர்ந்து லாரியில் இங்கே வருகின்றன. பையில் இருக்கும்போது பச்சைப் பசேல் என்று இருக்கும். நம் கரிசலில் இறக்கி வைத்தால் சில மாதத்தில் புதுத் தளிர் மஞ்சளாக வரும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உடனே செடி நமக்கு ஆகாது, வெளிநாட்டுச் செடி, நோய் வந்துவிட்டது என்று ஆரம்பித்துவிடுவார்கள். நோயெல்லாம் இல்லை. கரிசலில் சுண்ணாம்பு அதிகம், காரத் தன்மை. அந்த நிலையில் மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் கரையாது, வேரால் எடுக்க முடியாது. இதில் நம் போர்வெல் தண்ணீர் வேறு. பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பைத்தான் தினமும் செடிக்கும் ஊற்றுகிறோம்.

பழைய இலை முழுசாக மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறை, அதற்கு வைத்தியம் வேறு. புது இலை மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்பு. இந்த வித்தியாசம் தெரியாமல் யூரியா போட்டு யூரியா போட்டுச் செடியைப் படுத்துகிறார்கள்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. குழியில் நடாதீர்கள், மேட்டில் நடுங்கள். ஓர் அடி உயரத்துக்குச் செம்மண்ணும் மக்கிய இலையும் கலந்து மேடு கட்டி அதில் வைத்தால் மழையில் தண்ணீர் நிற்காது, வேரும் ஆரம்பத்தில் நல்ல மண்ணில் ஓடும். வீடு கட்டின மிச்சம், சிமெண்ட் கட்டி, சுண்ணாம்புக் காரை இதெல்லாம் புதைந்து கிடக்கும் மூலையில் வைக்கவே வைக்காதீர்கள், புது வீடுகளில் முக்கால்வாசிச் செடி சாவதற்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம். முடிந்தால் மழைத்தண்ணீரோ வாய்க்கால் தண்ணீரோ ஊற்றுங்கள். மஞ்சள் வந்துவிட்டால் நாட்டு மருந்துக் கடையிலும் உரக்கடையிலும் கிடைக்கிற அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், அதை லிட்டருக்கு 5 கிராம், கூட ஒரு கிராம் சிட்ரிக் ஆசிட், கரைத்து வடிகட்டிச் சாயங்காலம் இலையில் படும்படி தெளிக்கலாம். பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் திரும்பத் தெளித்தால் புதுத் தளிர் பச்சையாக வரும். சுவரிலும் சிமெண்ட் தரையிலும் படாமல் பாருங்கள், துருக்கறை போகாது, வெள்ளையடித்தவர் திட்டுவார். தெளிப்பது வைத்தியம் மட்டும்தான். அடியில் சருகு போட்டு மூடி, மண்ணை மெல்ல மெல்ல மாற்றுவதுதான் நிரந்தரம்.

நடுகிற காலம் இடவப்பாதி மழை ஆரம்பிக்கும்போது, அதாவது ஜூன் தொடக்கம். மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியாக ஒரு காற்று அடிக்குமே, ஓட்டைத் தூக்கும் காற்று, அதற்குள் வேர் பிடித்திருக்க வேண்டும். ஒரு மூங்கில் குச்சி கட்டிவிடுங்கள். வெயில் நாளைக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும், மாமர நிழலில் வைத்துவிட்டுப் பூக்கவில்லை என்று சொல்லக்கூடாது.

உரம் பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இருந்தது, எல்லாப் பூச்செடிக்கும் மாதம் ஒரு கைப்பிடி டி.ஏ.பி. என்று. இதை யார் எழுதினார்களோ தெரியாது. டி.ஏ.பி.யில் 46 சதவீதம் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ் சத்து. பாக்டம்பாஸ் உரத்தில் 20. நம் ஆட்கள் நெல்லுக்கும் தென்னைக்கும் வாங்கின மூட்டையிலிருந்தே ஒரு கை அள்ளிப் பூச்செடிக்கும் போடுகிறவர்கள், அவர்களுக்கு இப்படி எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? பாட்டில் பிரஷ் ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஆனால் இப்போது நர்சரிகளில் கிரெவில்லியா என்று இன்னொரு ஆஸ்திரேலியப் புதர் வருகிறது, சிலந்தி மாதிரிப் பூ, சிவப்பும் ஆரஞ்சும். அதற்கு இது விஷம். ஆஸ்திரேலியாவின் மண் மிகப் பழைய மண், மணிச்சத்து மிகமிகக் குறைவு. அதில் பிழைக்க, கிரெவில்லியா சேர்ந்த புரோட்டியேசி குடும்பத்துச் செடிகள் (பாட்டில் பிரஷின் குடும்பம் வேறு) பொடிப்பொடியான வேர்களைக் கொத்தாக விட்டு, இருக்கிற கொஞ்சநஞ்ச மணிச்சத்தையும் சுரண்டி எடுக்கப் பழகிவிட்டன. போதும் என்று நிறுத்தத் தெரியாது. நாம் ஒரு கைப்பிடி போட்டால் அத்தனையையும் இழுத்து இலை ஓரம் கருகிச் செத்துப்போகும். சூப்பர் பாஸ்பேட், எலும்புத் தூள், கோழி எரு எல்லாமே இதில் சேர்த்தி. பல்லடம் பக்கத்திலிருந்து கோழி எரு மலிவாகக் கிடைக்கிறது என்று தோட்டம் முழுக்கக் கொட்டுகிறவர்கள் கிரெவில்லியா வாங்கவே வேண்டாம்.

கிரெவில்லியா என்றால் ஏதோ புதுசு என்று நினைக்காதீர்கள். நெல்லியாம்பதி போகிற வழியில் எஸ்டேட்டுகளில் தேயிலைக்கும் காப்பிக்கும் நிழலாக நிற்கிறதே சில்வர் ஓக், மிளகுக் கொடி ஏற்றியிருப்பார்களே, அது கிரெவில்லியா இனத்திலேயே பெரிய மரம். புதர் வகைகளில் ராபின் கார்டன் என்று ஒரு கலப்பு உண்டு, குயின்ஸ்லாந்தில் டேவிட் கார்டன் என்பவருடைய மையால் பார்க் தோட்டத்தில் உருவானது, மகள் பெயரை வைத்தார். வருஷம் முழுக்கப் பூக்கும், அழகுதான், ஆனால் அந்த இலையும் பூவும் பட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். குழந்தைகள் ஓடுகிற நடைபாதை ஓரத்தில் வைக்காமல் இருப்பது நல்லது. இதையெல்லாம் விற்கிறவர் சொல்வதில்லை. நான் கேட்ட ஒரு நர்சரியில், "சேச்சி, வெள்ளம் ஒழிச்சால் மதி", அதாவது அக்கா, தண்ணீர் ஊற்றினால் போதும் என்று மலையாளத்தில் சொன்னதோடு முடித்துக்கொண்டார்.

பாட்டில் பிரஷுக்கு மழைக்கு முன்னால் ஒரு தடவை மக்கிய சாணி எரு போதும்.

வெட்டுவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், வெட்ட வேண்டியது பூ முடிந்த உடனே. இந்தச் செடியின் ஒரு விசேஷம், பூக்கொத்தின் நுனியிலிருந்தே கிளை மறுபடி வளரும். வேறு செடியில் பூத்த நுனி அதோடு முடிந்துவிடும், இதில் பூவுக்குள்ளிருந்து தளிர் கிளம்பி மேலே போய் அடுத்த பூவை விடும். பழைய பூ இருந்த இடத்தில் கட்டையான சின்னச் சின்னக் காய்கள் தண்டோடு ஒட்டி நிற்கும், உதிராது, வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும். ஒரு கிளையைக் கையில் பிடித்து நுனியிலிருந்து கீழே வந்தால் எத்தனை முறை பூத்தது என்று எண்ணிவிடலாம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வெட்டாமல் விட்டால் செடி நடுவில் கட்டையாகவும் நுனியில் மட்டும் இலையாகவும் நீண்டு போய்விடும். அதனால் பூ வாடினதும் அந்தக் கொத்துக்குக் கொஞ்சம் கீழே, இலை இருக்கிற இடத்தில் வெட்டுங்கள். பக்கக் கிளை வரும், அடுத்த முறை பூ இரட்டிப்பாகும். பூக்கும் காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், பொங்கலுக்குத் தோட்டம் சுத்தம் செய்கிறேன் என்று வெட்டினால் அந்த வருஷப் பூவை வெட்டிப் போடுகிறீர்கள். எங்கள் வீட்டில் மாசி பங்குனியில் ஒரு முறை நிறைய, மழைக்குப் பிறகு இன்னொரு முறை கொஞ்சம்.

வாடிய கொத்தை வெட்டுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைக் கட்டுரையாளர் எழுதியிருந்தால் நானே கை தட்டியிருப்பேன். விதை. அந்தக் காய்களுக்குள் தூசி மாதிரி ஆயிரக்கணக்கில் விதை இருக்கும். கிளை காய்ந்தாலோ தீ பட்டாலோ காய் திறந்து கொட்டும். தென்னாப்பிரிக்காவில் இதே தொங்கும் வகையை ஆக்கிரமிப்புச் செடிகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தை, இதற்கு நெருங்கிய சொந்தமான இன்னொரு மெலலூக்கா மரம் நூறு வருஷத்துக்குள் பெரிய அளவில் ஆக்கிரமித்தது. நம் ஊர் காய்ந்த வாசலில் விதை முளைத்து நான் பார்த்ததில்லை, ஆனால் அட்டப்பாடி, நெல்லியாம்பதி, வால்பாறை மாதிரி ஈரமான மலையில், காட்டோரம், ஓடையோரம் வீடு வைத்திருப்பவர்கள் இதை நடவே கூடாது என்பதுதான் என் கருத்து. ஏற்கெனவே நட்டிருந்தால் பூ வாடினதும் கொத்தைத் தவறாமல் வெட்டி எடுத்துவிட வேண்டும். வறண்ட சமவெளிக்காரருக்கு ஒரு பதில், மலைக்காரருக்கு வேறு பதில். ஒரே வரியில் எல்லோருக்கும் சேர்த்து வெட்டிவிடுங்கள் என்று எழுதினதால், வெட்ட வேண்டிய இடத்தில் இருப்பவரும் இது யாருக்கோ சொன்னது என்று விட்டுவிடுவார்.

இன்னொரு குறையும் ஒத்துக்கொள்ள வேண்டியது. இதன் அடியில் களை அவ்வளவாக முளைக்காது. 1977-ல் கலிபோர்னியாவில் ஒரு விஞ்ஞானி தன் வீட்டுப் பாட்டில் பிரஷ் அடியில் ஏன் களையே இல்லை என்று யோசித்து, மண்ணை எடுத்துப் போய் ஆராய்ந்ததில் லெப்டோஸ்பெர்மோன் என்ற பொருள் கிடைத்தது. அதைத் தொட்டுத் தொட்டு ஆராய்ந்து கடைசியில் மீசோட்ரயோன் என்ற களைக்கொல்லி வந்தது, அடித்தால் களை வெள்ளையாக வெளுத்துச் சாகும். உடுமலை, பல்லடம் பக்கம் மக்காச்சோளம் போடுகிறவர்கள் கடையில் பார்த்திருப்பார்கள். அதனால் இந்தச் செடிக்கு அடியில் கீரைப் பாத்தி போடுவது, புதினா வைப்பது எல்லாம் வேண்டாம், தள்ளி வையுங்கள்.

அப்புறம் பட்டாம்பூச்சி. தேன்சிட்டும் தேனீயும் பூ விரிந்தால் காலையிலேயே வந்துவிடும், ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கிக் குடிப்பதை என் மாமியார் வேலையைப் போட்டுவிட்டு நின்று பார்ப்பார். ஆனால் நம் ஊர்ப் பட்டாம்பூச்சிகள் இதில் முட்டையிட்டுப் புழு வளர்ந்து நான் பார்த்ததில்லை. அதற்கு ஒரு கறிவேப்பிலையும் ஒரு எலுமிச்சையும் எவ்வளவோ மேல். சிவப்புப் பூ வேண்டும், தேன்சிட்டு வர வேண்டும், ஆனால் நம் ஊர்ச் செடியாகவே இருக்க வேண்டும் என்பவர்களுக்குத் தெச்சி இருக்கிறது, இட்லிப்பூ என்போமே அது. இன்னும் நல்லது காட்டாத்தி, மலையாளத்தில் தாதிரிப்பூ என்று அரிஷ்டம் புளிக்க வைக்கப் போடுவார்கள், மலையடிவாரத்தில் வறண்ட சரிவில் தானாகவே நிற்கும், கோடையில் கிளை முழுக்கச் சிவப்பு. இதை நர்சரியில் கேட்டால் முழிக்கிறார்கள். ஆஸ்திரேலியச் செடியைத் திட்டி அரைப் பக்கம் எழுதுவதற்குப் பதில், காட்டாத்தி நாற்று எங்கே கிடைக்கும் என்று விசாரித்து நாலு வரி போட்டிருந்தால் எவ்வளவோ உபயோகமாக இருந்திருக்கும். என்னைக் கேட்டால் இரண்டுக்குமே வாசலில் இடம் உண்டு.

புதிதாக வைக்கிறவர்கள் விதையிலிருந்து வளர்த்த செடியை வாங்காதீர்கள், பூக்கப் பல வருஷம் ஆகும், நிறமும் தாயைப் போலவே வரும் என்று சொல்ல முடியாது. முற்றலும் இளசும் இல்லாத நடுத்தரக் குச்சி, நாலைந்து விரற்கடை நீளம், அடி இலையை உருவிவிட்டு மணலும் நார்க் கழிவும் கலந்த தொட்டியில் மழைக்காலத்தில் ஊன்றினால் வேர் விடும். எல்லாக் குச்சியும் வராது, அதிகமாகவே ஊன்றுங்கள். தெரிந்தவர் வீட்டில் பூக்கிற செடி இருந்தால் கேட்டு ஒடித்துக்கொள்ளலாம், காசும் மிச்சம்.

ஆசிரியரிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். ஒன்று, அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் போடுங்கள், பாட்டில் பிரஷை யூகலிப்டஸ் கணக்கில் சேர்த்ததும் டி.ஏ.பி. பற்றி எழுதினதும் சரியில்லை என்று. மூலையில் பொடி எழுத்தில் போடாமல் அதே ஞாயிறு இணைப்பில், படம் இருந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் கண்ணில் படுகிற மாதிரி. இரண்டு, இனிமேல் ஒரு செடியை வை என்றோ வெட்டு என்றோ எழுதும்போது எந்த மண்ணுக்கு, எவ்வளவு மழைக்கு, காட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருப்பவருக்கு என்று ஒரு வரி சேருங்கள். உங்கள் கோவைப் பதிப்பு ஒன்றையே ஊட்டியிலும் படிக்கிறார்கள், சூலூரிலும் படிக்கிறார்கள், வேலந்தாவளம் தாண்டி நாங்களும் படிக்கிறோம்.

வாசகர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். கரிசல் மண்ணில் கிரெவில்லியாப் புதரை, தொட்டியில் இல்லாமல் தரையிலேயே, இரண்டு கோடை தாண்டி யாராவது வளர்த்திருக்கிறீர்களா? எந்த வகை, மேடு எவ்வளவு உயரம், என்ன தண்ணீர் ஊற்றினீர்கள் என்று இந்தப் பகுதிக்கே எழுதுங்கள். ஜூன் மழைக்கு முன்னால் தெரிந்தால் நான் வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்வேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.